பேர் கேட்கும் மிஸ்ஸி

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்த்த மிஸ்ஸிக்கு என்னை நன்றாகத் தெரியும். நான் பிறந்த அன்று தொப்புள்கொடி அறுத்தவரே அவர்தான். பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்தபோது நான் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டதையும், தான் காலைப் பிடித்து இழுத்ததையும் எனக்குக் கல்யாணமான பிறகுகூடப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆட்டோ வாங்கியதும், மருந்துப் பெட்டி எடுக்கப் பதுளை டவுனுக்குப் போக என் வண்டியைத்தான் கூப்பிடுவார். ஒருநாள் அப்படிப் போய்த் திரும்பி, டிஸ்பென்சரி வாசலில் அவரை இறக்கிவிட்டு, பெட்டியையும் தூக்கி உள்ளே வைத்தேன். எனக்கும் சளியாக இருந்ததால் சுற்றி வந்து மருந்து ஜன்னலில் நின்றேன். அவர் உள்ளேயிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“பேரு என்ன?”

“மிஸ்ஸி, இப்பதானே என் ஆட்டோவுல வந்து எறங்குனீங்க.”

“அது ஆட்டோ. இது ஜன்னல். பேரு என்ன?”

சொன்னேன். அப்பா பேரையும் கேட்டார். அதையும் சொன்னேன். அப்பாவும் அந்த நேரம் எனக்குப் பின்னால் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார். மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு அவரிடமும் பேரைக் கேட்டார்.

நர்ஸை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவருக்கும் ஒரு பேர் இருந்திருக்கத்தான் வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு மிஸ்ஸி உள்ள இடத்தில் பேருக்கு என்ன வேலை? பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ‘பேர் கேட்கும் மிஸ்ஸி’ என்பார்கள். அது அவர் காதுக்கும் போயிருக்கும். அதற்காக அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிற தோட்டம் எங்களுடையது. இங்கே ஒருவரிடம் பேர் கேட்பது வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல லேசான காரியம் இல்லை. வீட்டில் கூப்பிடுகிற பேர் ஒன்று. காலையில் பெரட்டில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கூப்பிடுகிற செக்ரோல் புத்தகத்துப் பேர் ஒன்று. அது எந்தக் காலத்திலோ ஒரு கிளாக்கர் தன் காதில் விழுந்தபடி எழுதியது. அடையாள அட்டைக்குச் சிங்களத்தில் எழுதி, அங்கிருந்து மறுபடி தமிழுக்கு வந்த பேர் இன்னொன்று. அதனால் எங்கள் ஆட்களிடம் பேர் என்ன என்று கேட்டால், உடனே பேர் வராது. “எந்தப் பேருங்க?” என்றுதான் வரும். டவுன் ஆஸ்பத்திரியில் இன்னும் வேடிக்கை. அட்டையில் அப்பா பேர் முன்னால் இருக்கும். “ராமசாமி” என்று கூப்பிட்டால், சேலை கட்டிய நாலு பேர் ஒன்றாக எழுந்து போவார்கள். நால்வருக்கும் அப்பா ராமசாமிதான்.

மிஸ்ஸி பொறுமையாக எல்லாப் பேரையும் கேட்பார். வரிசை நகராது. மழை நாளில் ஓரத்தில் நிற்பவர்கள் நனைந்துகொண்டே திட்டுவார்கள். மிஸ்ஸியோ பேரைச் சொல்கிறவர் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் சரி என்று தலையாட்டுவார். தானாக யார் பேரையும் சொல்ல மாட்டார். வெளியில் பார்த்தால் ‘தம்பி’, ‘பிள்ளை’, ‘கங்காணி’ என்று கூப்பிடுவார். அவர் வாயிலிருந்து என் பேர் வந்து நான் கேட்டதேயில்லை.

இதில் பெரிதாக அடிபட்டவர் எங்கள் தொழிற்சங்கத் தலைவர். அவருக்கு பிரஷர் இருந்தது. மாத்திரைக்கு வரும்போது வரிசையில் நிற்காமல் நேரே ஜன்னலுக்கு வருவார். மிஸ்ஸி அதை ஒன்றும் சொல்லமாட்டார். பேர் மட்டும் கேட்பார். எல்லாச் சுவரிலும் என் பேர் ஒட்டியிருக்கிறது, உனக்குத் தெரியாதா என்று தலைவர் ஒருதடவை சத்தம் போட்டார். தெரியும், பேர் என்ன என்றார் மிஸ்ஸி. தலைவர் மாத்திரை வாங்காமலே போய், தோட்டத்து மானேஜர் தொரைக்குப் புகார் எழுதினார். பதுளையில் பணம் கட்டி மருந்து எடுத்துப் பார்த்தார். அது கொஞ்ச நாள்தான். திரும்ப ஜன்னலுக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு பேரைச் சொன்னார். பிறகு வாசலில் நின்றவர்களிடம், மிஸ்ஸிக்கு ஞாபகமறதி வந்துவிட்டது, பாவம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாபகமறதி இல்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். எங்கள் அக்காவிடமிருந்து வந்தது.

அக்காவைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அவள் ‘ஆமாங்க’ என்கிறவள். எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். தொரை கேட்டால் ஆமாங்க, கங்காணி கேட்டால் ஆமாங்க, பஸ் கண்டக்டர் கேட்டாலும் ஆமாங்க. இல்லை என்று சொன்னால் அடுத்தது ஏன் என்று கேட்பார்கள். ஆமாங்க என்றால் பேச்சு முடிந்துவிடும். இப்போது வருகிற சிங்கள டொக்டர்களும் மிஸ்ஸிமாரும் கொஞ்சம் தமிழ் படித்துக்கொண்டு வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கொஞ்சத் தமிழில் கேட்கக்கூடியது “வலி இருக்கா?”, “சாப்பிட்டதா?”, “மருந்து குடிச்சதா?” இவ்வளவுதான். நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் ஆமாங்க. அவர்களுக்குத் தமிழ் வந்துவிட்டது என்று சந்தோஷம், இவர்களுக்குச் சீக்கிரம் முடிந்தது என்று சந்தோஷம். கேட்டது எது, சொன்னது எது என்று இடையில் யாரும் பார்ப்பதில்லை. அக்கா அதில் எல்லாரையும் தாண்டியவள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் கேட்பதற்கு முன்பே ஆமாங்க சொன்னவள் என்று வீட்டில் கேலி செய்வோம்.

கல்யாணமாகி எங்கள் தோட்டத்திலேயே மேல் டிவிஷனுக்குப் போன புதிதில் அவளுக்குக் காய்ச்சல். தனியாக டிஸ்பென்சரிக்கு இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அன்று பிள்ளை வேண்டாம் என்று மூன்று மாத ஊசி போட்டுக்கொள்ள சிவகாமி என்று ஒருத்தி வருவதாக இருந்தது. எங்கள் அக்கா பேர் சிவபாக்கியம். மிஸ்ஸிக்கு அன்று ஏகப்பட்ட வேலை. ஊசியை எடுத்துக்கொண்டே வந்து கேட்டிருக்கிறார்.

“சிவகாமிதானே?”

“ஆமாங்க.”

“மூணு மாச ஊசிதானே?”

“ஆமாங்க.”

“பயமில்லையே?”

“ஆமாங்க.”

பயமில்லையே என்பதற்கும் ஆமாங்க என்றவளை அந்த இடத்திலாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அக்கா அதைக் காய்ச்சல் ஊசி என்று நினைத்துக்கொண்டு கையைத் தேய்த்துவிட்டபடி மலை ஏறிவிட்டாள். மத்தியானம் உண்மையான சிவகாமி வந்து நின்றாள்.

அப்போது டிஸ்பென்சரியில் இருந்தவரை டொக்டரையா என்போம். மருந்து கொடுக்கப் படித்தவர், டொக்டர் இல்லை. மிஸ்ஸி அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை, மூன்று மாதத்தில் தன்னால் தெளிந்துவிடும், நீ போய்ச் சொல்லி எதற்குக் கலவரம் உண்டாக்குகிறாய், விடு என்றாராம் அவர். அவர் சொன்னதில் பாதி சரி. கலவரம் உண்டாயிற்று.

ஏனென்றால் மிஸ்ஸி குடையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே மேல் டிவிஷனுக்கு ஏறிப்போய், லயத்து வீட்டு வாசலில் அக்காவின் மாமியாரிடம் நடந்ததைச் சொன்னார். மாமியார் நம்பவில்லை. இவள் பிள்ளை வேண்டாமென்று திருட்டுத்தனமாக ஊசி போட்டுக்கொண்டாள், பிடிபட்டதும் மிஸ்ஸியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கதை கட்டுகிறாள் என்று பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வந்த புதிதிலேயே அக்கா திருடியாகிவிட்டாள். அவளுடைய தட்டு தனியாக வைக்கப்பட்டது. அத்தான் நல்ல மனிதர்தான். தன் அம்மா பேசும்போது வெளியே போய் நிற்கிற அளவுக்கு நல்லவர்.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் அம்மாவுக்கு அதுதான் ஆத்திரம். தப்பாக ஊசி போட்டதைக்கூட மன்னித்துவிட்டாள். ஏறிப்போய்ச் சொன்னதை மன்னிக்கவில்லை. எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. மிஸ்ஸி ரோட்டில் எதிரில் வந்தால் நான் தேயிலைக்குள் இறங்கிப் போவேன்.

மூன்று மாதம் போனது. ஊசி தெளிந்தது. பிள்ளை மட்டும் வரவில்லை. அந்த ஊசி சிலருக்கு அப்படித்தான், நாளெடுக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது மாமியாருக்கு யார் சொல்லித் தெரியும்? மிஸ்ஸிதான் சொன்னார். மாதாமாதம் சம்பளம் கொடுக்கிற வாரத்தில் குடையோடு ஏறிப்போவார். வாசலில் நிற்பார். உட்காரச் சொல்ல ஆளில்லை. அக்காவை வெளியே கூப்பிட்டு, மாமியார் முன்னால் நிறுத்தி ஒன்றைத்தான் கேட்பார்.

“ஒன் பேரு என்னம்மா?”

“சிவபாக்கியமுங்க.”

“கேட்டீங்களா? அன்னைக்கு நான் இத கேக்கல. தப்பு என்னோடது. இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது.”

சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அடுத்த மாதம் திரும்ப ஏறுவார். லயத்துப் பிள்ளைகள் அவர் குடையைப் பார்த்ததும் “ஒன் பேரு என்னம்மா” என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். ஒருதடவை மாமியார் கதவைச் சாத்திக்கொண்டார். மிஸ்ஸி சாத்திய கதவுக்கு முன்னால் அதே கேள்வியைக் கேட்டு, அக்காவும் அதே பதிலைச் சொல்லியிருக்கிறாள். கடைசியில் மாமியாருக்கு அலுத்துப்போயிற்று. இந்த மனுஷி சாகும்வரை விடமாட்டாள் போலிருக்கிறது என்று ஒருநாள் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நம்பினாரா என்று தெரியாது. தட்டு பழைய இடத்துக்கு வந்தது. பிறகு அக்காவுக்கு ஒரு பெண் பிள்ளையும் பிறந்தது. பிறந்த அன்று மிஸ்ஸி அக்காவிடம் பேர் கேட்டுவிட்டுத்தான் கையுறையைப் போட்டாராம். வலியில் துடிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா என்றாள் அம்மா. அக்கா எந்தப் பேருங்க என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

டிஸ்பென்சரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனதும் அவர் காலத்தில்தான். டொக்டரையா ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு ஆள் வரும் வரும் என்றார்கள். வெளி டொக்டர் வாரத்துக்கு ஒருநாள் வந்துபோனார், பிறகு ரோடு உடைந்தால் வராமலிருந்தார். பெட்ரோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் மருந்தும் இல்லாமல் போயிற்று. பதுளைக்குப் போனாலும் துண்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். என் ஆட்டோ கோயிலடியில் தார்ப்பாய் மூடி நின்றது. அப்போதும் மிஸ்ஸி காலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்தவர்களிடம் பேர் கேட்டார். கேட்டுவிட்டு, மருந்து இல்லை என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. பிரஷர் மாத்திரை இல்லாமல் அப்பா தலைசுற்றிக் கிடக்கிறார். மருந்தே இல்லாத நேரத்தில் பேர் எதற்கு மிஸ்ஸி, ஊர்க்கணக்கா எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“மருந்து வந்தா யாருக்குக் குடுக்கணும்னு தெரிய வேணாமா?” என்றார்.

மருந்து வந்தது. பாதிப் பேருக்குத்தான் காணும். இன்னொரு மாதம் தாங்கக்கூடியவர் யார், தாங்காதவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தாங்காதவர்கள் வீட்டுக்கு அவரே போனார். அப்பாவுக்கும் கொண்டுவந்து கொடுத்தார். பாயில் கிடந்தவரிடம் பேர் கேட்டார். அப்பா அன்று சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் கோபமில்லை. கோபப்பட்டுப் பிரயோசனமும் இல்லை.

அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த ஜன்னல் திறக்கவில்லை. வேறு மிஸ்ஸி வரவில்லை. அவர் போக்கிடம் தேடவும் இல்லை. வெலிமடையில் தங்கை இருந்தும், டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த அறையிலேயே தங்கிக்கொண்டார். தோட்டமும் காலி செய்யச் சொல்லவில்லை. ஆட்கள் அந்த அறைக்கு வந்து, கிளினிக் கொப்பியையும் மாத்திரை அட்டையையும் காட்டிக் கேட்டுக்கொண்டு போனார்கள். அங்கேயும் முதலில் பேர்.

போன மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுச்சளி கட்டி மூச்சு வாங்கியது. நான்தான் ஆட்டோவில் ஏற்றினேன். அக்கா அவரைத் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. போகிற வழியெல்லாம் குழியென்று நான் வண்டியை மெதுவாக விட்டதற்கு மிஸ்ஸி கையால் வேகமாக என்று காட்டினார். அவர் பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்து ஆஸ்பத்திரி ஜன்னலில் நீட்டினேன். அவர்கள் பார்த்து எழுதிக்கொண்டார்கள். வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் என்கிற நிலைமை. இவருக்கு நல்ல காலம், தனிக் கட்டில். அக்கா கூட நின்றாள்.

அடுத்த நாள் பகல், ஆட்களைப் பார்க்க விடுகிற நேரத்துக்குச் சற்று முன்னாலேயே நான் கஞ்சி கொண்டுபோனேன். வாசல்காரர் தெரிந்தவர். மிஸ்ஸி ஒட்சிசன் மாஸ்க்கோடு கண்ணை மூடிக் கிடந்தார். முதல்நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அப்போது ஒரு சின்ன வயது மிஸ்ஸி தட்டோடு வந்தாள். காலையிலிருந்து ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. தட்டில் ஊசி இருந்தது. கட்டிலைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

“அம்மா, இவங்க ஞானம்மாதானே?”

அக்கா வாயைத் திறந்தாள். ‘ஆ’ என்று தொடங்கியது எனக்கே கேட்டது. பிறகு நின்றுவிட்டது. அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“தெரியாதுங்க. எழுப்பிக் கேளுங்க.”

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்க இவங்க ஆள்தானே? பேர் தெரியாதா?”

“ஆமாங்க,” என்றாள் அக்கா. “தெரியாதுங்க. அவங்கள கேளுங்க.”

எனக்கும் தெரியாது. அட்டையை நீட்டினேனே தவிர அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. எங்களுக்குத் தொப்புள்கொடி அறுத்து, ஊசி போட்டு, ஆயிரம் தடவை எங்கள் பேரைக் கேட்ட மனுஷி. வெட்கமாக இருந்தது. அக்காவுக்கு வெட்கம் பார்க்க நேரமில்லை. அவள் ஊசிக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றிருந்தாள். எங்கள் வீட்டு ஆள் ஒருவர் வெள்ளை உடுப்புக்கு எதிரில் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண் குனிந்து மிஸ்ஸியின் தோளைத் தட்டினாள். “அம்மா, உங்க பேர் என்ன?”

மிஸ்ஸி கண்ணைத் திறந்தார். அவரே மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு, அப்பா பேரோடு சேர்த்துத் தன் பேரைச் சொன்னார். அது ஞானம்மா இல்லை. என்ன பேர் என்று இங்கே எழுதலாம்தான். கேட்டது நானில்லை, அதனால் எழுதவில்லை.

அந்தப் பெண் கட்டிலில் பேர் எழுதித் தொங்கிய டிக்கட்டைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று. அது சர்க்கரைக்குப் போடுகிற ஊசி. மிஸ்ஸிக்குச் சர்க்கரை கிடையாது. வெறும் வயிறு வேறு. தட்டோடு பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். அங்கே ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, உங்க பேர் என்ன?”

“எந்தப் பேருங்க?” என்றார் அந்த அம்மா.

மிஸ்ஸியின் நெஞ்சு குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்கா மாஸ்க்கைத் திரும்பச் சரியாக வைக்கப் போனாள். மிஸ்ஸி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேர் கேட்கப் போகிறார் என்று நானும் காத்திருந்தேன்.

“நீ சிவபாக்கியம்தானே?” என்றார்.

“ஆமாங்க,” என்றாள் அக்கா.